பொதுமையும் இழிவும்: ஓர் ஆங்கிலச் சொல்லின் வரலாறு

ஒரு சொல்லுக்குப் பல பொருள் அமைதல் எந்த மொழிக்கும் இயல்பானதே. எமது நிகண்டாசிரியர்கள் ஒரு சொற் பல்பொருட் பெயர்களைத் தனித் தொகுதியாக வகுத்து, மனனஞ் செய்வதற்கு இசைவாகச் செய்யுளில் யாத்துத் தந்தனர். ஆங்கில அகராதியாளர் ஒன்று, இரண்டு, மூன்று என எண்ணிட்டுத் தருகின்றனர். முறை வேறாயினும் விளைவு ஒன்றே. மாணாக்கர் பட்டியலைக் கற்றுக்கொள்கின்றனர். பொருள்களுக்கிடையேயுள்ள உறவைக் கற்றுக்கொள்வதில்லை. ஒரே சொல் ஓரிடத்திற் போற்றுதலாகவும் மற்றோரிடத்தில் வசையாகவும் நிற்பது எவ்வாறு, அந்த மாற்றத்தினால் நன்மையடைந்தோர் யாவர் என்னும் வினாக்கள் எமது வகுப்பறைகளில் எழுவது அரிது.

இவ்வினாக்களை எழுப்புவதற்கு மிகப் பொருத்தமான ஆங்கிலச் சொல்லொன்று உண்டு. 'கொமன்' என்பதே அது. ஆங்கிலம் கற்கத் தொடங்கிய சிறுவரும் அறிந்த எளிய சொல். கணித வகுப்பிலே பொ.கா.பெ. எனவும் பொ.ம.சி. எனவும் நாம் சுருக்கி வழங்கும் தொடர்களில் 'பொது' என வருவது இச்சொல்லின் மொழிபெயர்ப்பே. இலக்கணத்தில் இது பொதுப்பெயரைக் குறிக்கும். 'கொமன்' உப்பு என்றால் கறியுப்பு. 'கொமன்' குளிர் என்றால் தடிமன். ஆங்கிலத் திருச்சபையின் வழிபாட்டு நூலின் பெயரிலும், பிரித்தானியப் பாராளுமன்றத்தின் கீழ்ச்சபையின் பெயரிலும் இச்சொல் உண்டு. இங்கிலாந்தின் ஊர்ப்புறத்துப் புல்வெளியும் 'கொமன்' எனப்படும். ஆனால், அதே இங்கிலாந்தில் ஒரு பெண்ணைச் சுட்டி, அவள் 'கொமன்' எனக் கூறினால், அவளது நடை, உடை, உச்சரிப்பு யாவும் இழிந்தவை என்று தீர்ப்பளித்ததாகும்.

யாவர்க்கும் உரியது என்ற பொருள் எங்கே, கீழானது என்ற பொருள் எங்கே? இவ்விரண்டுக்குமிடையேயுள்ள தூரத்தை அளந்து பார்ப்பதே எமது நோக்கம்.

சொல்லின் மூலம் இலத்தீன். 'கொம்யூனிஸ்' என்னும் அம்மூலச் சொல்லின் முற்பகுதி 'கூட' என்னும் பொருளது. பிற்பகுதி கடமை, பணி என்னும் பொருள்களையுடைய சொல்லோடு உறவுடையது. ஆகவே, கடமையைக் கூடிப் பகிர்ந்துகொள்ளல் என்பது அதன் அடிப்படைக் கருத்து. 1066ஆம் ஆண்டில் நோர்மானியர் இங்கிலாந்தை வென்றனர். அதன்பின் ஆளும் வர்க்கத்தாரின் மொழியாக விளங்கிய பிரெஞ்சு வாயிலாக, பதின்மூன்றாம் நூற்றாண்டளவில் இச்சொல் ஆங்கிலத்துட் புகுந்தது. சமுதாயம், தொடர்பாடல், பரிசின் 1871ஆம் ஆண்டுக் கொம்யூன், கம்யூனிசம் ஆகியவற்றைக் குறிக்கும் ஐரோப்பியச் சொற்கள் யாவும் இவ்வேரிலிருந்து கிளைத்தவையே.

இங்கிலாந்தின் மத்தியகாலக் கிராமத்தில் இச்சொல்லுக்குக் கையால் தொடத்தக்க ஒரு பொருளிருந்தது. அது நிலம். நிலத்தின் உடைமை பிரபுவிடம் இருந்தது. ஆயினும் அதன்மீது குடிகளுக்குச் சில உரிமைகள் வழக்காற்றினால் நிலைபெற்றிருந்தன. ஆடுமாடு மேய்க்கும் உரிமை. காட்டிலே பன்றிகளை விட்டு உதிர்ந்த விதைகளைத் தின்னவிடும் உரிமை. விறகு பொறுக்கும் உரிமை. சதுப்பு நிலத்திலே எரிபொருளுக்குக் கரிமண் வெட்டும் உரிமை. நீர்நிலையில் மீன்பிடிக்கும் உரிமை. ஒவ்வொன்றுக்கும் தனித்தனிப் பெயருண்டு, தனித்தனிச் சட்டமுண்டு. 1217ஆம் ஆண்டின் வனப் பட்டயம் இத்தகைய உரிமைகள் சிலவற்றை எழுத்தில் ஏற்றுக்கொண்டது. கூலி குறைந்த காலத்திலும் ஓர் ஏழைக் குடும்பம் ஒரு பசுவை வைத்துக்கொண்டு மானத்தோடு வாழ இடமளித்தது இந்தக் 'கொமன்' நிலமே.

ஆயின், இதனைப் பொற்காலமாகக் கற்பனை செய்தல் தவறு. நிலப்பிரபுத்துவத்தின் சுமைகள் குடியானவன் முதுகிலேதான் இருந்தன. 1235ஆம் ஆண்டிலேயே மெற்றன் சட்டம், குடிகளுக்குப் போதிய மேய்ச்சல் நிலத்தை விட்டு மிகுதியை அடைத்துக்கொள்ளப் பிரபுக்களுக்கு வழிவகுத்துவிட்டது. போதியது எவ்வளவு என்பது தீராத வழக்காயிற்று. கம்பளி வாணிகம் பெருகப் பெருக, உழவு நிலம் ஆட்டுப்பட்டியாக மாறிற்று. ஆடுகள் மனிதரை விழுங்குகின்றன என்று தோமஸ் மோர் தமது 'உற்றோப்பியா'வில் 1516ஆம் ஆண்டிலேயே கண்டித்தார்.

1549ஆம் ஆண்டு இச்சொல்லின் வரலாற்றிலே சிறப்பாகக் குறிக்கத்தக்கது. அவ்வாண்டில் அரசு 'கொமன் பிரார்த்தனை' நூலை நாடெங்கும் கட்டாயமாக்கிற்று. மேற்கே டெவன், கோண்வால் மக்கள் அதனை எதிர்த்துக் கிளர்ந்தனர். அதே கோடையில் கிழக்கே நோபோக்கில், 'கொமன்' நிலம் அடைக்கப்படுவதை எதிர்த்து ரொபேட் கெற் என்பவரின் தலைமையில் பல்லாயிரவர் நொறிச் நகருக்கு வெளியேயுள்ள மேட்டில் முகாமிட்டனர். அரசு இரு கிளர்ச்சிகளையும் படைகொண்டு அடக்கிற்று, கெற் தூக்கிலிடப்பட்டார். வணக்கத்திலே பொதுமையை வற்புறுத்திய அரசு, நிலத்திலே பொதுமையைக் காக்க முன்வரவில்லை. சொல் ஒன்று, பயன் இரண்டு.

சரியாக நூறாண்டு சென்றபின் இம்முரண்பாடு மேலும் கூர்மையாக வெளிப்பட்டது. 1649 சனவரி 30ஆம் நாள் முதலாஞ் சாள்ஸ் மன்னனின் தலை வெட்டப்பட்டது. மே மாதத்தில் இங்கிலாந்து 'கொமன்வெல்த்' எனப் பிரகடனஞ் செய்யப்பட்டது. பொதுவின் நலம் என்பது அதன் சொற்பொருள். இவ்விரு நிகழ்ச்சிகளுக்குமிடையே, ஏப்ரல் முதலாம் நாள், ஜெராட் வின்ஸ்ரன்லியும் அவரது தோழர் சிலரும் சரே மாவட்டத்துச் சென் ஜோர்ஜ் குன்றிலே தரிசாகக் கிடந்த நிலத்தைக் கொத்திக் காய்கறி பயிரிட்டனர். பூமி யாவர்க்கும் பொதுவான கருவூலமாகவே படைக்கப்பட்டது. ஆகவே மன்னன் வீழ்ந்தபின் நிலமும் விடுதலை பெறவேண்டும் என்பது வின்ஸ்ரன்லியின் வாதம். புதிய 'கொமன்வெல்த்' இவர்களைக் காக்கவில்லை. அயல் நிலச்சொந்தக்காரர் அவர்களை அடித்து விரட்டினர், பயிரை அழித்தனர். குடியரசின் பெயரிலே சொல் வாழ்ந்தது. குன்றின்மீது அதன் பொருள் மிதிபட்டது.

இனி இலக்கியத்துக்கு வருவோம். ஷேக்ஸ்பியர் இச்சொல்லின் இரு முனைகளையும் அறிந்து கையாண்டவர். 'ஹம்லெட்' நாடகத்தின் தொடக்கத்தில், தந்தையை இழந்து துயருறும் மகனிடம், சாவு யாவர்க்கும் 'கொமன்' எனத் தாய் கூறுகின்றாள். அரசியல்லவா? பொதுவிதி என்ற பொருளிலே ஆறுதல் கூறுகின்றாள். மகன் அதே சொல்லை வாங்கி, ஆம், அது 'கொமன்' என்று திருப்பிக் கொடுக்கின்றான். கணவன் இறந்து இரு திங்களுள் மறுமணஞ் செய்தவளின் நடத்தை கீழானது என்ற பொருள் அவ்விடையிலே மறைந்து நிற்பதை உரையாசிரியர் பலர் சுட்டியுள்ளனர். சொல்லின் இரு பொருள்கள் ஒரே வரியிலே வாள்போல மோதுகின்றன.

'கொரியோலேனஸ்' நாடகத்திலோ அது தனிமனிதரின் மோதலன்று. நாடகம் 1608ஆம் ஆண்டளவில் எழுதப்பட்டதென்பது அறிஞர் கொள்கை. அதற்கு முந்திய ஆண்டில், ஷேக்ஸ்பியரின் சொந்த மாவட்டமான வொறிக்சயர் உட்பட இங்கிலாந்தின் நடுப்பகுதி மாவட்டங்களிலே வேலியடைப்புக்கு எதிராகக் குடியானவர் கிளர்ந்தெழுந்தனர். நாடகமும் தானியப் பஞ்சத்தால் ஆயுதமேந்திய உரோமப் பொதுமக்களோடு தொடங்குகின்றது. அம்மக்களைச் சுட்டும்போதெல்லாம் நாயகன் இச்சொல்லை எச்சில்போல உமிழ்கின்றான். ஷேக்ஸ்பியர் எப்பக்கத்தில் நின்றார் என நாடகத்தைக் கொண்டு எளிதில் முடிவுகட்ட இயலாது; மக்களின் பசிக்கும் அவர் நாவு கொடுத்தார். ஆயின் வாழ்க்கையிலே, 1614ஆம் ஆண்டில் ஸ்ரற்போட் அருகே வெல்கம் என்னுமிடத்தில் வேலியடைப்பு முயற்சி நடந்தபோது, தமது வருவாய்க்கு இழப்பு நேரின் ஈடு தரவேண்டுமென அவர் ஓர் உடன்படிக்கை செய்துகொண்டார். மாகவியும் சொத்துடையாரே என்பதை நாம் மறத்தலாகாது.

பதினெட்டாம் நூற்றாண்டிலே வேலியடைப்பு தனிப்பட்ட பிரபுக்களின் அத்துமீறலாக இருந்த நிலை மாறி, சட்டத்தின் தொழிலாயிற்று. 1604ஆம் ஆண்டிலிருந்து 1914ஆம் ஆண்டுவரை 5,200க்கு மேற்பட்ட வேலியடைப்புச் சட்டங்கள் நிறைவேற்றப்பட்டன. அவற்றால் அடைக்கப்பட்ட நிலம் ஏறத்தாழ 68 இலட்சம் ஏக்கர். இங்கிலாந்தின் பரப்பிலே ஐந்திலொரு பங்குக்குச் சற்று மேல். இவற்றுள் மிகப் பெரும்பாலானவை 1750ஆம் ஆண்டின் பின் வந்தவை. 'கொமன்ஸ்' எனப்படும் நிலத்தை ஒழித்த சபையின் பெயரும் 'கொமன்ஸ்' என்பது வரலாற்றின் நகைச்சுவை. இச்சபையின் பெயரைச் சாதாரண மக்களின் சபை எனக் கொள்ளுதல் பொருந்தாது. மாவட்டங்கள், நகரங்கள் என்னும் உள்ளூர்ச் சமுதாயங்களின் பிரதிநிதிகள் கூடிய இடம் என்பதே அதன் பழம்பொருள். வளர்ந்த ஆண்கள் யாவர்க்கும் வாக்குரிமை கிடைத்தது 1918ஆம் ஆண்டில். பெண்களுக்கு ஆண்களோடு சமமாகக் கிடைத்தது 1928ஆம் ஆண்டில். அதற்குள் நிலம் போய்விட்டது.

நீதிமன்றமும் பின்தங்கவில்லை. அறுவடை முடிந்த வயலிலே சிந்திய கதிர்களை ஏழைகள், சிறப்பாகப் பெண்களும் பிள்ளைகளும், பொறுக்கிச் செல்லுதல் தொன்றுதொட்ட வழக்கம். விவிலியமும் அதற்கு இடமளித்தது. 1788ஆம் ஆண்டில், 'கொமன்' வழக்குகளின் மன்றம் என்னும் பெயருடைய நீதிமன்றம், 'கொமன்' சட்டத்தின்படி அத்தகைய உரிமை எவருக்கும் இல்லை எனத் தீர்ப்பளித்தது. மன்றமும் பொது, சட்டமும் பொது, கதிர் மட்டும் தனியுடைமை!

இவ்வழிவை உள்ளிருந்து பாடிய கவிஞர் ஜோன் கிளேர். 1793ஆம் ஆண்டில் ஹெல்ப்ஸ்ரன் என்னும் ஊரிலே பண்ணைத் தொழிலாளி ஒருவரின் மகனாகப் பிறந்தவர். அவருக்குப் பதினாறு வயதாகும்போது, 1809ஆம் ஆண்டில், அவரது ஊருக்கான வேலியடைப்புச் சட்டம் நிறைவேறிற்று. எல்லையற்று விரிந்த வெளி துண்டுதுண்டாக்கப்பட்டதையும், சிறு மனிதர் சிறு நிலத்திற்குச் சிறு வேலியிட்டுக் கொண்டதையும், நடந்துபோன ஒற்றையடிப் பாதையிலே தடைப்பலகை நின்றதையும் அவர் பாடினார். இலண்டன் இரசிகர் அவரைக் 'குடியானவக் கவிஞர்' என வியந்து சில காலம் கொண்டாடினர், பின் கைவிட்டனர். வாழ்நாளின் இறுதி இருபதாண்டுகளுக்கு மேல் நோதாம்ரன் மனநோய் விடுதியிற் கழித்து, 1864ஆம் ஆண்டில் அங்கேயே அவர் காலமானார். அவரது ஊர்வழக்குச் சொற்களைப் பதிப்பாளர் திருத்தினர் என்பதும் ஈண்டு நோக்கத்தக்கது. 'கொமன்' நிலத்தைப் போலவே 'கொமன்' மொழியும் வேலிக்குள் அடைக்கப்பட்டது.

எனினும், சொல்லை மீட்கும் முயற்சிகளும் உடன்நிகழ்ந்தன. 1776 சனவரியில் தோமஸ் பெயின் பிலடெல்பியாவிலே வெளியிட்ட சிறுநூல், 'கொமன் சென்ஸ்' என்னும் தலைப்பைத் தாங்கி, முடியாட்சி அறிவுக்குப் பொருந்தாதது என வாதித்தது. அறிவு பிரபுக்களின் சொத்தன்று. யாவர்க்கும் பொதுவான அறிவே அரசரை விசாரிக்கப் போதும் என்பது அத்தலைப்பின் அறைகூவல். 1800ஆம் ஆண்டில் வேட்ஸ்வேத் தமது கவிதைத் தொகுதியின் முன்னுரையிலே, 'கொமன்' வாழ்க்கையின் நிகழ்ச்சிகளைச் சுவையுடையனவாக்குதலே தமது நோக்கமென்றார். இருண்டாண்டு கழித்து, 'எடின்பரோ றிவியூ' இதழிலே பிரான்சிஸ் ஜெப்றி, இத்தகைய கவிஞர் கீழ்மக்களின் பேச்சைக் கவிதையாக்குகின்றனர் எனச் சாடினார். கவிதை பற்றிய இப்போர், உண்மையிலே 'கொமன்' என்ற சொல்லின் பொருள் பற்றிய போரேயாம்.

இச்சொல் ஓர் உள்ளத்தினுள் புகுந்து செய்யும் நாசத்தை முழுமையாகக் காட்டியவர் சாள்ஸ் டிக்கன்ஸ். 1860, 1861ஆம் ஆண்டுகளில் தொடராக வெளிவந்த 'கிறேற் எக்ஸ்பெக்ரேசன்ஸ்' நாவலை எமது மாணாக்கர் பலர் சுருக்கப் பதிப்பிலே கற்றிருப்பர். கொல்லன் பட்டறையில் வளரும் அனாதைச் சிறுவன் பிப். செல்வச் சீமாட்டியின் மாளிகையிலே சீட்டாட அழைக்கப்படுகின்றான். அங்குள்ள சிறுமி எஸ்தெல்லா அவனை 'கொமன்' தொழிலாளிப் பயல் என்கின்றாள். சீட்டை அவன் அழைக்கும் பெயரை, அவனது கரடுமுரடான கையை, தடித்த சப்பாத்தை எள்ளுகின்றாள். அதுவரை தன் கையைப் பற்றிச் சிந்தித்தேயிராத சிறுவன் அன்றுதான் அதனைப் பார்க்கின்றான், வெட்கப்படுகின்றான். ஒரு சொல், உழைப்பின் அடையாளத்தைக் குற்றத்தின் அடையாளமாக மாற்றிவிட்டது. வர்க்க ஆதிக்கம் பொலிசின் தடியினால் மட்டும் நடைபெறுவதன்று. ஒடுக்கப்பட்டவன் தன்னையே ஒடுக்குபவனின் கண்ணாற் பார்க்கத் தொடங்கும் கணத்திலே அது நிறைவு பெறுகின்றது.

வீடு திரும்பிய சிறுவன் கொல்லன் ஜோவிடம் தான் 'கொமன்' எனக் கூறி வருந்துகின்றான். எழுத்தறிவற்ற ஜோ கூறும் விடை ஆழமானது. 'கொமன்' அறிஞனாகாமல் எவனும் அசாதாரண அறிஞனாக முடியாது; முடிசூடிய மன்னனும் அரிச்சுவடியிலிருந்தே தொடங்கவேண்டும் என்கின்றான். பொதுவானதே உயர்ந்ததற்கு அடித்தளம் என்ற இவ்வுண்மையைச் சிறுவன் அன்று ஏற்கவில்லை. பின்னர் யாரோ ஒருவரின் பணத்தினாற் கனவானாகின்றான். ஜோவைக் கண்டு கூசுகின்றான். இறுதியில், தன்னை உயர்த்திய பணம் நாடுகடத்தப்பட்ட கைதியொருவன் அவுஸ்திரேலியாவிலே உழைத்து ஈட்டியதென அறிகின்றான். எஸ்தெல்லாவும் அக்கைதியின் மகளே. அவளைப் பெற்றவள் ஒரு வேலைக்காரி. எவள் 'கொமன்' என்று எள்ளினாளோ அவளும், எந்தக் கனவான் தகுதிக்காகக் கொல்லன் துறக்கப்பட்டானோ அத்தகுதியும், சமுதாயத்தின் அடித்தட்டிலே பிறந்தவை. இதனினும் கூரிய விமரிசனத்தை அந்நூற்றாண்டின் ஆங்கில நாவலிற் காண்டல் அரிது.

டிக்கன்ஸின் வரம்பையும் நாம் கூறவேண்டும். பிப் திருந்துகின்றான், ஆனால் அவனது திருத்தம் தனிமனித மனந்திரும்பலாகவே முடிகின்றது. ஜோ நல்லவனாக இருக்கின்றான். அநீதியை எதிர்ப்பவனாக இல்லை. கெற்றின் மேடும் வின்ஸ்ரன்லியின் குன்றும் நாவலின் எல்லைக்கு அப்பாற்பட்டவை. இழிவுப் பொருளை டிக்கன்ஸ் அம்பலப்படுத்தினார். பொதுமைப் பொருளை மீட்டுத் தரவில்லை.

இங்கே ஆய்வுமுறை பற்றிச் சில கூறுதல் இன்றியமையாதது. ஒரு சொல்லின் பல பொருள்களை இலக்கியத் திறனாய்வின் கருவியாக்கியோர் ஆங்கிலத்தில் உளர். வில்லியம் எம்சன் 1951ஆம் ஆண்டில் வெளியிட்ட நூல், 'ஒதெல்லோ'வில் நேர்மையைக் குறிக்கும் சொல்லும் 'லியர் அரசன்' நாடகத்தில் பேதையைக் குறிக்கும் சொல்லும் எவ்வாறு தொழிற்படுகின்றன என நுணுகி ஆராய்ந்தது. சி. எஸ். லூயிஸ் 1960ஆம் ஆண்டிலே சொல்லாராய்ச்சி நூலொன்றை வெளியிட்டார். ஆயின், சொல்லைச் சமுதாய வரலாற்றோடு இணைத்து நோக்கும் நெறியை வகுத்தவர் றேமண்ட் வில்லியம்ஸ். வேல்ஸ் நாட்டு இரயில்வேச் சமிக்ஞைத் தொழிலாளியின் மகனான அவர், 1976ஆம் ஆண்டில் வெளியிட்ட 'கீவேட்ஸ்' நூலிலே நூற்றுக்கு மேற்பட்ட சொற்களை ஆராய்ந்தார். 'கொமன்' அவற்றுள் ஒன்று.

வில்லியம்ஸின் வழியைப் பின்பற்றுவோர் ஒரு தவறைத் தவிர்த்தல் வேண்டும். வேலி வந்தது, ஆகவே சொல் இழிந்தது என நேர்கோடு கிழித்தல் இயந்திரப் பாங்கான பொருள்முதல்வாதமாகும். 'கொமன்' என்பதன் இழிவுப் பொருள் பாராளுமன்ற வேலியடைப்புக்கு நெடுங்காலம் முன்பே உண்டு என்பதற்கு ஷேக்ஸ்பியரே சான்று. உயர்குடியினர் தம்மை மற்றையோரிலிருந்து பிரித்துக் காட்டும்போதெல்லாம், மற்றையோரின் பெயர் வசையாகவே செய்யும். வரலாறு செய்தது யாதெனில், இரண்டு பொருள்களும் சமபலத்தோடு நின்ற நிலையை மாற்றியதாகும். பொதுமைப் பொருளைத் தாங்கிநின்ற மண் பறிபோயிற்று. இழிவுப் பொருளைத் தாங்கும் வர்க்கப் பிரிவோ வளர்ந்தது. நிலத்தை இழந்த பொருள் நூல்களிலும் சட்டத் தொடர்களிலும் ஒதுங்கியது. வெறுப்பு அன்றாடப் பேச்சிலே குடிகொண்டது.

அந்தப் போர் இன்றும் முடியவில்லை. 1968ஆம் ஆண்டில் கறெற் ஹாடின் என்னும் அமெரிக்கர், பொதுநிலம் பேராசையால் அழிந்தே தீரும் எனக் கட்டுரை எழுதினார். பொதுச்சொத்தைத் தனியாருக்கோ அரசுக்கோ ஒப்படைக்க விரும்பியோர் அதனை வேதமாகக் கொண்டனர். ஆயின், உண்மையான பொதுநிலங்களில் எவர் எத்தனை மாடு விடலாமென்பதற்கும் ஊர்க் கட்டுப்பாடு உண்டு என்பதை அக்கட்டுரை கருதவில்லை. எலினோர் ஒஸ்ட்றம் சுவிற்சலாந்தின் மலை மேய்ச்சல் நிலங்களையும், யப்பானின் கிராமக் காடுகளையும், ஸ்பானியாவின் நீர்ப்பாசனச் சங்கங்களையும் ஆராய்ந்து, மக்கள் தாமே விதி வகுத்துப் பொதுவளத்தை நூற்றாண்டுக் கணக்காகக் காத்துள்ளனர் என 1990ஆம் ஆண்டில் நிறுவினார். 2009ஆம் ஆண்டில் பொருளியலுக்கான நோபல் பரிசைப் பெற்ற முதற் பெண்மணி அவரே. கடமையைக் கூடிப் பகிர்தல் என்னும் மூலப்பொருள் வெறுங்கனவன்று என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டுமோ?

இச்சொல் எமது தீவுக்கு இருவழிகளில் வந்தது. முதல்வழி ஆட்சி. இங்கிலாந்திலே வேலியடைப்பு நிறைவெய்திக்கொண்டிருந்த அதே காலத்தில், 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் இலங்கையிலே காடு, தரிசு, பயிரிடப்படாத நிலம் ஆகியவை மறுதலை நிரூபிக்கப்படும்வரை முடிக்குரியவை எனக் கொண்டது. மலைநாட்டுக் கிராமத்தவர் மாடு மேய்த்த வெளியும் சேனை வெட்டிய காடும் இவ்வாறு 'தரிசு' என்னும் பெயர் பெற்றன. காட்டுநிலம் கோப்பித் தோட்டக்காரருக்கு விற்கப்பட்டது. அதிலே உழைக்கத் தென்னிந்தியத் தமிழ்த் தொழிலாளர் கொண்டுவரப்பட்டனர். சிங்களக் குடியானவரின் நில இழப்பும் தமிழ்த் தொழிலாளரின் லயன் வாழ்வும் ஒரே வரலாற்றின் இரு பக்கங்களே. இவ்வரலாற்றைத் தந்த பேரரசு பின்னர் 'கொமன்வெல்த்' எனப் பெயர் மாறிற்று. நாம் அதனைப் பொதுநலவாயம் என மொழிபெயர்த்துக்கொண்டோம்.

இரண்டாவது வழி கல்வி. இங்கேதான் மொழிபெயர்ப்பாளரின் பொறுப்பு மிகுகின்றது. 'கொமன் சென்ஸ்' என்பதைப் பொது அறிவு என எழுதுவோர் உளர். ஆனால் எமது பாடசாலைகளில் பொது அறிவு என்பது தலைநகரங்களையும் ஆண்டுகளையும் மனனஞ் செய்யும் பரீட்சைப் பாடம். பெயினின் அறைகூவல் அத்தொடரில் முற்றாக மறைந்துபோகின்றது. இத்தாலிய மாக்சியவாதி கிராம்சி தமது சிறைக் குறிப்பேடுகளிலே, மக்களிடம் படிந்துள்ள வழக்கமான எண்ணங்களையும் அவற்றுள் அடங்கிய நல்லறிவையும் வேறுபடுத்தினார். இவ்வேறுபாட்டைத் தமிழில் உணர்த்த உலகறிவு, இயல்பறிவு, நல்லறிவு முதலிய சொற்களை இடமறிந்து ஆளவேண்டும். ஒரு சொல்லுக்கு ஒரு சொல் என்ற சோம்பல் உதவாது.

தமிழின் 'பொது' மட்டும் களங்கமற்றதோ எனின், அன்று. புறநானூற்றின் எட்டாம் பாட்டிலே கபிலர், உலகம் பிற வேந்தருக்கும் பொது என்னும் சொல்லைப் பொறாதவன் எனச் சேர மன்னனைப் புகழ்கின்றார். பொதுச்சொல்லைப் பொறாமை மன்னனுக்குப் பெருமையாயிற்று! திருக்குறளின் வரைவின் மகளிர் அதிகாரத்திலே 'பொதுநலத்தார்' என்பது விலைமகளிரைக் குறிக்கும். அதே பொதுநலம் இன்று நாம் மேடைதோறும் போற்றும் சொல். ஆங்கிலத்திலும் 'கொமன்' பெண் என்பது இவ்வாறே பரத்தையைக் குறித்தது; ஒதெல்லோ தன் குற்றமற்ற மனைவிமீது வீசும் வசைகளுள் இச்சொல்லின் வடிவமொன்றும் உண்டு. நிலம் பொதுவானால் நன்மை எனக் கருதிய சமுதாயங்களும், பெண்ணை ஆணின் தனியுடைமையாகவே கருதின என்பதை இவ்விரு மொழிகளும் ஒருங்கே காட்டிக்கொடுக்கின்றன.

இன்னும் அண்மையில் வருவோம். யாழ்ப்பாணக் குடாநாட்டிலே பொதுக்கிணறு எனப்பட்டதில் தண்ணீர் அள்ள உரிமையற்றோர் இருந்தனர். பொதுக்கோயில் எனப்பட்டதன் வாயிலிலே தடுத்து நிறுத்தப்பட்டோர் இருந்தனர். 1957ஆம் ஆண்டில் சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டம் வந்தபின்னரும், 1968ஆம் ஆண்டில் மாவிட்டபுரத்திலே ஆலயப் பிரவேசத்துக்காகப் போராட வேண்டியிருந்தது. அங்கே நடந்தது ஒரு கோயிலின் கதவு பற்றிய தகராறு மட்டுமன்று. 'பொது' என்னும் சொல்லினுள் யார் அடங்குவர் என்பது பற்றிய போராட்டமுமாகும். சென் ஜோர்ஜ் குன்றிலே மண்வெட்டி எடுத்தவர்களும் மாவிட்டபுரத்து வாயிலிலே நின்றவர்களும் ஒருவரையொருவர் அறியார். ஆயினும் இருசாராரும் செய்தது ஒன்றே: ஒரு சொல்லை அதன் பொருளுக்கு உண்மையாக நடக்கும்படி கேட்டனர்.

ஆகவே, ஆசிரியர்களாகிய நாம் செய்யத்தக்கது எளியது, ஆயினும் பயனுடையது. சொல்லின் பொருள்களைப் பட்டியலாகக் கரும்பலகையில் எழுதியதும் பாடம் முடிந்ததெனக் கருதாதிருப்போம். எந்தப் பொருள் எப்போது தோன்றியது, எவர் வாயிலே வழங்கியது, எவரை உயர்த்தியது, எவரைத் தாழ்த்தியது என்ற வினாக்களை மாணாக்கரே எழுப்பப் பழக்குவோம். பிப் தன் கையைப் பார்த்து வெட்கப்பட்ட பக்கத்தை வாசிக்கும் பிள்ளைகள், தம் வீட்டிலே காய்த்துப்போன கைகளை நினைத்துப் பார்க்கட்டும். பொது என்ற சொல்லைச் சட்டத்திலோ, பெயர்ப்பலகையிலோ, மேடைப் பேச்சிலோ காணும்போது ஒரே கேள்வியை அவர்கள் கேட்கக் கற்றுக்கொண்டால் போதும்: யாருக்குப் பொது?